பன்னிரண்டாம் மேசையில் மஞ்சள் பொட்டலம்

அத்தியாயம் 9

வாங்யுவே நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்கள் கிடையாது. குடும்ப உறுப்பினர்கள் மட்டும்தான் உண்டு. தைபேயின் நெய்ஹூ பகுதியில் கண்ணாடியும் கர்வமும் கலந்து கட்டிய பதினான்கு மாடிக் கட்டடத்தின் வரவேற்புச் சுவரில், ஆள் உயர எழுத்தில் அப்படித்தான் பொறித்திருந்தார்கள். எழுத்துக்குக் கீழே ஒரு படம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நடுவே பிறந்த குழந்தையைப் போல அவர்கள் தயாரிக்கும் கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது கணினித் திரைக்குப் படம் வரைந்து தரும் பலகை.

"குடும்பம்னு சரியாத்தான் போட்டிருக்காங்க அண்ணே," என்றாள் பெய்-ஜு. "எங்க வீட்லயும் ஏதாவது குறை சொன்னா ஒருத்தரும் காதுல வாங்க மாட்டாங்க."

லூ சிரிக்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது வருடம் எரிந்த வீடுகளையே சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, ஐம்பது வயதில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர் அவர். சாம்பலைப் பார்த்துப் பழகிய முகம். அதில் சிரிப்பு வருவது அபூர்வம். அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டத்தான் உதவியாளர் பெய்-ஜு. வயது நாற்பத்து நான்கு. சென்ற செப்டம்பர் வரை பதினோரு வருடம், ஆறு நிறுவனங்களின் குறைதீர்க்கும் தொலைபேசிக்கு ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொன்னவள். ஒன்றாம் பொத்தான் எரிந்தால் ரைஸ் குக்கர், இரண்டாவது எரிந்தால் ஏசி, ஐந்தாவது எரிந்தால் வாங்யுவே.

"நினைவு வெச்சுக்கோ," என்றார் லூ. "மூணு மணிக்கு கீலுங்ல விசாரணை. அதுக்குள்ள ஒரே ஒரு விஷயம் வேணும் நமக்கு. இவங்களுக்கு முன்னாடியே தெரியும்கிறது."

விஷயம் இதுதான். கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால் ஹோங் என்பவர் ஓர் இன்டர்நெட் கஃபே நடத்திவந்தார். நவம்பர் பதினோராம் தேதி விடிகாலையில் அங்கே தீப்பிடித்தது. வாடிக்கையாளர்கள் ஒன்பது பேரையும் வெளியே அனுப்பிவிட்டு, கழிவறையில் இன்னும் ஒருவர் இருக்கலாம் என்று உள்ளே திரும்பிப் போனாள் பணியில் இருந்த ஃபாங் யி-சுவான். கழிவறையில் யாரும் இல்லை. அவள் திரும்பி வரவும் இல்லை. இருபத்து மூன்று வயது. தீ தொடங்கியது வாங்யுவே கார்டு பொருத்திய ஒரு கணினியில். வாங்யுவே நிறுவனம் அரசு வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் அனுப்பியது: 'விபத்துக்கு முன்பு இந்தக் கார்டின் மின்விசிறி குறித்து எங்களுக்கு ஒரு புகாரும் வந்ததில்லை. உரிமையாளர் கார்டில் கைவைத்திருக்கிறார்.' அந்த இரண்டு வாக்கியம் ஹோங்கை நான்கு வாரமாகக் கம்பிக்குப் பின்னால் வைத்திருந்தது. இன்று மூன்று மணிக்கு அவர் மீது குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்று முடிவு. லூவை அமர்த்தியவர் ஹோங்கின் மனைவி.

மின்தூக்கி திறந்தது. வந்தவர் திரு. கூ. அட்டையில் இருந்த பதவி: வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறைத் துணைத் தலைவர். மகிழ்ச்சிக்கே துணைத் தலைவர்தான். தலைவர் யாரென்று அட்டையில் இல்லை.

"எங்களிடம் ஒளிவுமறைவு கிடையாது," என்றார் கூ, இரு கைகளாலும் அட்டையை நீட்டியபடி. "துயரச் சம்பவம். மனம் கனக்கிறது. ஆனால் எண்கள் பொய் சொல்லாது. எங்கள் குடும்பத்தின் திருப்தி விகிதம் தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு."

"மீதி புள்ளி ஆறு?" என்றாள் பெய்-ஜு.

"அவர்கள் இன்னும் மதிப்பீடு அளிக்கவில்லை."

"செத்தவங்க நட்சத்திரம் போட மாட்டாங்க சார்."

கூவின் புன்னகை ஓர் அங்குலம் குறைந்து, பயிற்சியின் பலத்தில் மீண்டும் ஏறியது. "நேரடியாகச் சோதனைக்கூடத்தையே காட்டுகிறேன்," என்றார்.

ஒன்பதாம் மாடி. முப்பது மேசைகள், முப்பது கணினிகள், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் வாங்யுவே கார்டுகள் உறுமிக்கொண்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு கணினியின் தலையிலும் ஒரு பச்சைப் பொட்டலம். தேங்காய் வாசனை அடிக்கும் சோளத் தின்பண்டம். அதைத் தலையில் வைத்தால் எந்திரம் சொன்னபடி கேட்கும் என்பது இந்தத் தீவின் பொறியாளர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த உண்மை. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவார்கள். பொட்டலம் பச்சையாக இருக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது, வைத்தவர் பெயரும் தேதியும் வேண்டுதலும் பேனாவால் எழுதியிருக்க வேண்டும்.

"பாருங்கள், ஒவ்வொரு கார்டும் எழுநூறு மணி நேரம் ஓடுகிறது," என்று கூ கையை வீசினார். "விபத்துக்குப் பிறகு இந்தக் கூடத்தை முழுமையாகச் சீரமைத்தோம். பழைய கோப்புகள், பழைய வட்டுகள் எல்லாம் அகற்றி..."

"முழுமையாவா?" என்றார் லூ.

"ஒரு தூசுகூட மிச்சமில்லை."

லூ மேசைகளுக்கிடையே நடந்தார். பன்னிரண்டாவது மேசையில் அணைந்து கிடந்தது ஒரு கணினி. அதன் பக்க மூடி திறந்திருந்தது. உள்ளே வட்டு இருந்த இடம் காலி. தலையில் மட்டும் ஒரு பொட்டலம். அது மஞ்சள். கறி மசாலா வாசனைக்காரன்.

லூ குனிந்தார். தடித்த பேனாவில் எழுதியிருந்தது: 'விசிறியே, தயவுசெய்து எழுந்திருக்காதே. வெய். ஆகஸ்ட் 19.'

"யாரோ தின்பண்டத்தை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்," என்றார் கூ, கொஞ்சம் வேகமாக.

கூடத்தின் கோடியில் ஒட்டவெட்டிய தலைமுடிக்காரன் ஒருவன் திரையை வெறித்துக்கொண்டிருந்தான். அவன் மார்பு அட்டையில் வெய் என்று இருந்தது. அவன் நிமிரவே இல்லை. இரண்டு வெளியாட்கள் கூடத்துக்குள் நுழைந்தால் முப்பது தலை நிமிரும். நிமிராத ஒரு தலையைத்தான் லூ இத்தனை வருடமும் எரிந்த வீடுகளில் தேடியிருக்கிறார்.

"மேற்கொண்டு கேள்விகள் இருந்தால் ஒன்றரை மணிக்கு எங்கள் வழக்கறிஞர் முன்னிலையில்," என்றார் கூ கைக்கடிகாரத்தைப் பார்த்து. "இப்போது உணவு நேரம்."

பன்னிரண்டரைக்குக் கட்டடம் முழுக்க விளக்கு அணைந்தது. அலுவலகம் செத்துப்போனதைப் போல ஆனது. தைபேயில் இந்த ஒரு மணி நேரம் யாரும் யாரையும் வேலையை விட்டுத் தூக்க முடியாது, திட்ட முடியாது, தடுக்கவும் முடியாது. மேசையில் சின்னத் தலையணை, அதன் மேல் கன்னம், பக்கத்தில் வாய் திறந்த சாப்பாட்டுப் பெட்டி. துணைத் தலைவருக்கு மட்டும் மடக்குக் கட்டில். கதவிடுக்கு வழியாகக் கேட்ட குறட்டையில் மகிழ்ச்சித் துறையின் முழுப் பொறுப்பும் தெரிந்தது.

கீழ்த்தளத்து விருந்தினர் அறையிலிருந்து எழுந்தார் லூ.

"அண்ணே, இப்ப மாட்டினா என்ன சொல்றது?"

"கழிவறை தேடினோம்னு சொல்லு."

"ஒன்பது மாடி ஏறியா? உங்க வயசுக்கு நம்புவாங்க."

சோதனைக்கூடத்தில் விளக்கு இல்லை. திரைகளின் வெளிச்சத்தில் இருபது பேர் தலை கவிழ்ந்து தூங்கினார்கள். கோடியில் ஒருவன் மட்டும் விழித்திருந்தான். லூ ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டார்.

"தூக்கம் வரலையா, வெய்?"

"யார் சார் நீங்க?"

"கீலுங்ல எரிஞ்ச கஃபேக்காக வந்திருக்கேன்." லூ குரலைத் தாழ்த்தினார். "பச்சைப் பொட்டலம் எதுக்கு வைப்பாங்க? மெஷின் ஒழுங்கா ஓடணும்னு. மஞ்சள் வெச்சா படுத்துடும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்ப மஞ்சளை யார் வேணும்னே வைப்பாங்க?"

வெய் கண்ணைத் திரைக்குத் திருப்பிக்கொண்டான்.

"மெஷின் படுக்கணும்னு வேண்டிக்கிற ஆள் உலகத்துல ஒருத்தன்தான். கோளாறு இருக்குனு கேள்விப்பட்டு, அதைத் தன் கண்ணால பாத்தே ஆகணும்னு உக்காந்திருக்கிறவன். விசிறியைப் பத்திப் புகாரே வரலைன்னு உங்க கம்பெனி கடிதம் குடுத்திருக்கு. புகார் வராம ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி நீ ஏன் விசிறி எழுந்திருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே?"

வெய்யின் கண்கள் பன்னிரண்டாம் மேசைக்குப் போய் வந்தன. "அதையும் எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்," என்றான்.

"கோப்பை அழிச்சாங்க, வட்டைக் கழட்டினாங்க. பொட்டலத்தை எடுக்க ஒருத்தனுக்கும் தைரியம் வரலை. எடுத்தா அந்தத் துரதிர்ஷ்டம் தன் மெஷினுக்கு வந்துடும்ல?"

"கூ சார் மூணு பேர்கிட்ட சொன்னார்," என்றான் வெய். "மூணு பேருமே தலையாட்டிட்டு விட்டுட்டாங்க. கடைசியில அவரே வந்தார். கையை நீட்டினார். அப்புறம் போன் வந்த மாதிரி போயிட்டார்."

பிறகு அவன் நிறுத்தாமல் பேசினான். நான்கு மாதம் பேசாமல் இருந்தவனின் வேகம். கார்டை இயக்கும் மென்பொருளில், அதாவது டிரைவரில், ஒரு பிழை. கணினி தூங்கி எழுந்தால் கார்டும் எழும், விசிறி மட்டும் எழாது. கொடுமை அதுவல்ல. வெப்பத்தைக் காட்டும் எண்ணும் தூங்குவதற்கு முன் பார்த்த இடத்திலேயே நின்றுவிடும். கார்டு அடுப்பாகக் கொதிக்கும். திரையோ நாற்பத்தொரு டிகிரி, எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

"எங்க மேனேஜ்மென்ட் மாதிரி," என்றான் வெய்.

"சரி பண்ண முடியாதா?"

"ரெண்டு வரி சார். ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதியே எழுதிட்டேன். ஆனா வெளியிட ஒரு விதி இருக்கு. மூடாத புகார் அஞ்சு இருந்தாத்தான் திருத்தம் வெளிய போகும். சரியா அஞ்சு இருந்துச்சு. வெளியிடறதுக்கு முந்தின நாள் ஒரு புகார் மூடிடுச்சு. அந்தக் குடும்ப உறுப்பினர் அஞ்சு நட்சத்திரம் போட்டுட்டாங்க. நட்சத்திரம் விழுந்தா புகார் தானா மூடிக்கும். நாலாயிடுச்சு. என் ரெண்டு வரி வரிசையிலேயே நின்னுடுச்சு."

"நாசமாப் போச்சு," என்றாள் இதுவரை பின்னால் நின்றிருந்த பெய்-ஜு. "விசிறி ஓடாததுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்ட புண்ணியவதி யாருப்பா? எனக்கு மாமியாரா வந்திருக்கக் கூடாதா?"

வெய் திரும்பினான். திரையின் நீல வெளிச்சத்தில் அவன் முகம் மாறியது.

"மேடம்... இன்னொரு தடவை பேசுங்க."

"என்னப்பா பேசறது?"

"ஏதாவது." அவன் எழுந்தேவிட்டான். "உங்க குரலை எனக்குத் தெரியும்."

"டிவியில எல்லாம் நான் வரலை."

"புகாரோட அந்த அழைப்பின் ஒலிப்பதிவும் எங்களுக்கு வரும். மூடிப்போன அந்தப் புகாரோட பதிவும் வந்துச்சு. விசிறிச் சத்தம் பின்னால கேக்குதான்னு பாக்க அந்தப் பதிவை நாப்பது தடவை கேட்டிருக்கேன் மேடம். சத்தம் இல்லை. வட்டை எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி போன்ல ஏத்திக்கிட்டேன்." கைப்பேசியை மேசையில் வைத்து, ஒலியைக் குறைத்து, தட்டினான்.

முதலில் ஓர் இளம்பெண்ணின் குரல். 'அக்கா, கீலுங்லேர்ந்து ஃபாங் யி-சுவான் பேசறேன். எங்க கஃபேல ஒரு மெஷின்ல நாப்பத்தொண்ணை விட்டு எண் நகரவே மாட்டேங்குது. ஆனா கை வெச்சா சுடுது. பிளாஸ்டிக் கருகற வாசனையும் வருது.'

பிறகு இன்னொரு குரல். கொஞ்சம் கரகரப்பு, நிறைய உற்சாகம். 'நாப்பத்தொண்ணா? என் புருஷனும் ரொம்ப வருஷமா அந்த வயசைத்தான் சொல்லிக்கிட்டிருக்கார், தங்கச்சி. அவரும் நகர மாட்டேங்கறார்.'

அந்தப் பக்கம் சிரிப்பு. வாய்விட்டு, மூச்சு முட்ட.

கூடத்தில் தூங்கிய யாரோ புரண்டு படுத்தார்கள். பெய்-ஜு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பதிவு தொடர்ந்தது. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொன்னது கரகரப்புக் குரல். நாளை செய்து பார்ப்பதாகச் சொன்னது இளங்குரல். 'அப்புறம் தங்கச்சி, போனை வெச்சதும் ஒரு செய்தி வரும். அஞ்சு நட்சத்திரம் போட்டுடும்மா. குறைஞ்சா எனக்கு இந்த மாசம் பூரா ஞாயித்துக்கிழமையும் ஷிப்டுதான்.'

'கண்டிப்பா போடறேன்க்கா. நானும் ஷிப்டுலதான் இருக்கேன். எனக்குத் தெரியாதா.'

வெய் கைப்பேசியைத் தொட்டு நிறுத்தினான்.

"ஒரு நாளைக்குத் தொண்ணூறு போன்," என்றாள் பெய்-ஜு. "எல்லார்கிட்டயும் அதைத்தான் கேப்பேன். எல்லார்கிட்டயும் ஜோக் அடிப்பேன். அண்ணே, எனக்கு இவளை ஞாபகமே இல்லை."

லூ வெய்யைப் பார்த்தார். "இதை எனக்கு அனுப்பு."

"அனுப்பறேன். ஆனா இட்டுக்கட்டினதுன்னு சொல்வாங்க சார். கம்பெனியில இருக்கிற மூலப்பதிவு அழிஞ்சுபோச்சு. நான் வந்து சொன்னா, வேலையில கோபம் இருக்குற ஆளுன்னு சொல்வாங்க. இந்தப் பேச்சு நடந்ததுன்னு சொல்ல ரெண்டே பேர்தான். அதுல ஒருத்தங்க..."

அவன் பார்வை பெய்-ஜு மேல் போய் நின்றது.

நெடுஞ்சாலையில் கீலுங்கை நெருங்க நெருங்க மழை பிடித்தது. லூ வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "கிளம்பறதுக்கு முன்னாடி பொட்டலத்தைப் படம் எடுத்துட்டேன். அதை வெச்சுப் பேசிப் பாக்கறேன். நீ வண்டியிலயே இரு."

"பொட்டலத்தைக் காட்டினா தின்பண்டம்னு சொல்லித் தள்ளிடுவாங்க. உங்களுக்கே தெரியும்."

"இது உன்னையும் இழுக்கும் பெய்-ஜு. வேலையில சேரும்போது வாயைத் திறக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கே."

"வேற வழி இருந்தா மூணு மணிக்குள்ள சொல்லுங்க."

துடைப்பான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. லூ வேகத்தைக் கூட்டினார்.

அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் நடைவழியில் இரண்டு பெஞ்சுகள். ஒன்றில் ஹோங்கின் மனைவி. எதிர் பெஞ்சில், பக்கத்தில் ஒரு துணிப்பையோடு, இன்னொரு பெண். யி-சுவானின் தாய். நான்கு வாரமாக இந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

உள்ளே அரசு வழக்கறிஞர், கண்ணாடி போட்ட ஒடிசலான பெண், பதிவை ஒருமுறை கேட்டார். ஹோங் கைவிலங்கோடு சுவரோரம் நின்றார். அந்தச் சிரிப்பு வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இரண்டாவது குரல் யாருடையது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றார் அரசு வழக்கறிஞர்.

"என்னோடதுதான் மேடம். ஒப்பந்த ஊழியர் எண் மூவாயிரத்து நூற்றுப் பதினேழு."

"குரல்கள் ஒத்திருக்கலாம். நீங்கள் அங்கே என்ன சொல்லித் தொடங்குவீர்கள்?"

பெய்-ஜு நிமிர்ந்தாள். பதினோரு வருடப் பழக்கம். தொண்டை தானாகத் தயாரானது. ஈரச் சட்டையோடு, அந்த இறுக்கமான அறையில், கல்யாண வீட்டு வரவேற்பைப் போலத் துள்ளி வந்தது குரல்: "வணக்கம்! வாங்யுவே குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம்! இன்று உங்களை எப்படி மகிழ்விக்கலாம்?"

எழுதிக்கொண்டிருந்த எழுத்தரின் கை நின்றது. கைப்பேசியில் இருந்த குரலுக்கும் இதற்கும் இடையே நூலிழை வித்தியாசம்கூட இல்லை.

"இந்த வாக்குமூலத்தால் உங்கள் மீதும் விசாரணை வரலாம். தெரியுமா?"

"தெரியும். எழுதிக்கோங்க. புகார் வந்துச்சு. ஆகஸ்ட்லயே வந்துச்சு. மூட வெச்சது நான்."

நாற்பது நிமிடம் கழித்து ஹோங்கின் கையிலிருந்து விலங்கைக் கழற்றினார்கள். வாங்யுவேயின் கடிதம் ஒரு தனி உறைக்குள் போனது. அதன் மேல் 'பொய்த் தகவல்' என்று எழுதி, கடிதத்தில் கையெழுத்திட்டிருந்த கூவின் பெயரை அடியில் சேர்த்தார் எழுத்தர். ஹோங்கின் மனைவி கணவனின் கையைப் பற்றிக்கொண்டு, லூவுக்கு மூன்று முறை குனிந்து நன்றி சொல்லிவிட்டு, எதிர் பெஞ்சைப் பார்க்காமலே படியிறங்கினார்.

பெய்-ஜு எதிர் பெஞ்சுக்குப் போனாள். லூ தடுக்கவில்லை.

"அம்மா, உங்க பொண்ணு ஆகஸ்ட்ல போன் பண்ணிச் சொல்லியிருக்கா. மெஷின் சுடுதுன்னு. அந்தப் போனை எடுத்தது நான்தான்."

தாய் நிமிர்ந்து பார்த்தார். "அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஜோக் சொன்னேன்."

மழை ஜன்னலில் அடித்தது.

"சிரிச்சாளா?"

"சிரிச்சா. ரொம்ப."

"அப்புறம்?"

"அஞ்சு நட்சத்திரம் கேட்டேன். போட்டா. அதனாலதான்..."

"கேட்டா குடுத்துடுவா," என்றார் தாய். "யார் கேட்டாலும் குடுத்துடுவா."

பெஞ்சில் இன்னொருவர் உட்கார இடம் இருந்தது. அந்த இடத்தில் இருந்த துணிப்பையைத் தாய் எடுக்கவில்லை. பெய்-ஜு நின்றுகொண்டே இருந்தாள்.